காக்களூர் எந்தக் கணக்கில் வருகிறது? தேசியக் காலநிலைத் திட்டமிடலில் தொழிற்பேட்டையின் இடம்

இந்திய மாநிலங்களின் காலநிலைத் திட்டங்களைப் பற்றி எழுத வருகிறவர்கள் நவ்ரோஸ் துபாஷும் அனு ஜோகேஷும் 2014-இல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இமாச்சலப் பிரதேசம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒடிசா, சிக்கிம் ஆகிய ஐந்து மாநிலங்களின் செயல்திட்டங்கள் உருவான விதத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் அது சுருக்கமாகவும் வந்தது. அவர்களது வாசிப்பு இது: ஓரத்தில் கிடந்த சுற்றுச்சூழல் அக்கறை வளர்ச்சித் திட்டமிடலின் நடுவுக்கு வர இத்திட்டங்கள் ஒரு வாசலைத் திறந்தன, ஆனால் அவசரத்தாலும், பொது வார்ப்பாலும், துறைகள் கையிலிருந்த வேலைகளையே எடுத்து நீட்டியதாலும் அந்த வாய்ப்பு முழுமையாகப் பயன்படவில்லை. இவற்றை உடனே நிறைவேற்றும் பட்டியலாகப் பார்க்காமல் வளர்ச்சியின் திசையைத் திருப்பும் வாய்ப்பாகப் பார்க்க வேண்டும் என்பது அவர்களது பரிந்துரை.

நேர்மையான ஆய்வு. அதிகாரிகளோடு பேசி, ஆவணம் உருவான படிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து எழுதப்பட்டது. என் மறுப்பு அதன் தரவோடு அல்ல, அது காட்டும் திசையோடு. ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்ந்தது என்கிறார்கள். நடந்தது நேர்மாறானது என்று கருதுகிறேன். நடுவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த செலவுகள் காலநிலைக் கணக்கில் வரவு வைக்கப்பட்டன. துறைகள் பழைய வேலைகளையே நீட்டியதை அவர்களும் கண்டார்கள், ஆனால் அதைச் செயல்முறையின் குறையாக வைத்தார்கள். அதுவே இத்திட்டமிடலின் அடித்தளம் என்பது என் வாதம். குறை என்றால் அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம். அடித்தளம் என்றால், கணக்கில் ஏற்கெனவே வரி இல்லாத இடத்துக்கு எந்தப் பதிப்பிலும் வரி கிடைக்காது. திருவள்ளூரை ஒட்டிய காக்களூர் தொழிற்பேட்டை அப்படிப்பட்ட ஓர் இடம்.

சான்றாக நான் நிறுத்தி வாசிக்க விரும்புவது 2008 ஜூன் 30 அன்று வெளியான தேசியக் காலநிலை மாற்றச் செயல்திட்டத்தின் ஒரு சிறு பத்தியை. அத்திட்டம் அறிவித்த எட்டு தேசிய இயக்கங்களைப் பற்றிய பேச்சில் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகும் பத்தி அது. காலநிலை ஏற்ற இறக்கத்துக்குத் தகவமைத்துக்கொள்ள அரசு அப்போதே மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.6 விழுக்காட்டுக்கு மேல் செலவழிக்கிறது என்று அது சொல்கிறது. கவலைக்குரிய களங்களையும் வரிசையாகத் தருகிறது: வேளாண்மை, நீர்வளம், சுகாதாரமும் துப்புரவும், காடு, கடலோரக் கட்டமைப்பு, தீவிர வானிலை நிகழ்வுகள்.

திட்டம் பிறக்கும்போதே செலவு நடந்துகொண்டிருந்தது என்பதுதான் இந்தப் பத்தியின் பொருள். நடந்துகொண்டிருந்த திட்டங்களைக் கூட்டித்தான் இப்படியொரு தொகைக்கு வர முடியும். இதே கணக்கின் பாடபேதங்கள் பின்னர் வந்தன. 2015 அக்டோபரில் ஐ.நா. காலநிலை அமைப்பிடம் இந்தியா அளித்த உத்தேசப் பங்களிப்பு ஆவணம், இச்செலவு 2000–01-இல் 1.45 விழுக்காடாக இருந்து 2009–10-இல் 2.82 ஆனது என்கிறது. 2023 டிசம்பரில் அளித்த தகவமைப்பு அறிக்கை, 2015–16-இல் 3.7 என்றும் 2021–22-இல் 5.6 என்றும் தருகிறது. மூன்று ஆவணங்களையும் அடுத்தடுத்து வைத்தால் சீரான ஏறுமுகம் தெரியும். அதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். செலவு எவ்வளவு உயர்ந்தது, எதைச் செலவாக எண்ணுவது என்ற வரையறை எவ்வளவு விரிந்தது என்பதை இந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை. அவற்றை ஒரே கோட்டில் இணைத்து வளர்ச்சி வரைபடம் போடுவது தவறு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தப் பத்தியின் களவரிசையில் கடலோரம் இருக்கிறது, எட்டு இயக்கங்களில் இல்லை. தொழில் இரண்டிலுமே இல்லை. ஆற்றல் திறன் இயக்கத்துக்குள் பெரிய ஆலைகள் வருகின்றன, ஆனால் அங்கே அவை எரிபொருளைச் செலவழிக்கும் அலகுகள் மட்டுமே. வெள்ளத்துக்கும் வெப்பத்துக்கும் இலக்காகும் இடமாகத் தொழிற்பேட்டை எங்கும் பேசப்படவில்லை.

இனி தமிழ்நாட்டின் பாடம். மாநிலச் செயல்திட்டத்துக்கு ஒற்றை ஆண்டைப் பூட்டுவது சரியாகாது. வரைவு, மாநில அளவிலான ஏற்பு, தில்லிக் குழுவின் ஒப்புதல் என்று அது பல படிகளைக் கடந்தது. மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு படியின் ஆண்டை எடுத்துக்கொள்கிறார்கள். 2013–2015 என்று விரிந்த எல்லையாகவே இங்கே கொள்கிறேன். ஆவணம் ஏழு துறைகளாகப் பிரிந்திருக்கிறது: வேளாண்மை, நீர்வளம், காடும் உயிர்ப்பன்மையும், கடலோர மேலாண்மை, ஆற்றல் திறனும் சூரிய சக்தியும், வாழிடம், அறிவு மேலாண்மை. தேசிய எட்டோடு ஒப்பிட்டால் மாற்றம் எளிதில் புலப்படும். இமயமலை இயக்கம் உதிர்ந்தது. சூரிய சக்தியும் ஆற்றல் திறனும் ஒன்றாயின. கடலோரம் புதிதாகச் சேர்ந்தது. மற்ற ஐந்தும் தேசிய வரிசையிலிருந்து வந்தவை.

கடலோரத்தைச் சேர்த்ததை மாநிலத்தின் தனித்த சிந்தனைக்குச் சான்றாகக் காட்டலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2008-இன் களவரிசையை அருகில் வைத்தால், சேர்க்கப்பட்ட அந்த ஒன்றும் தேசிய ஆவணத்தின் உள்பத்தியிலேயே இருந்தது என்பது தெரிகிறது. மாநிலம் தனக்கு முன்னிருந்த கணக்கிலிருந்து ஒரு வரியை மேலே தூக்கி வைத்தது. கணக்கில் இல்லாததை எழுதவில்லை. தொழில் என்ற சொல் ஆவணத்தில் வரவே இல்லை என்று நான் சொல்லவில்லை. தனித் துறையாக அதற்கு இடமில்லை என்கிறேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டும், அத்திப்பட்டு அனல்மின் நிலையங்களும், காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் மாநிலத்தில் இது சிறிய விடுபடல் அல்ல.

இதற்கு மறுப்பாக ஒடிசாவைக் காட்டலாம், காட்டத்தான் வேண்டும். துபாஷ், ஜோகேஷ் ஆராய்ந்த ஐந்தில் அதுவும் ஒன்று. அதன் 2010 திட்டம் பதினொரு துறைகளைக் கொண்டது. தொழிலும் சுரங்கமும் அதில் தனித்தனியாக இருக்கின்றன. அப்படியானால் தேசியக் கணக்கை மீற முடிந்திருக்கிறதே? முடிந்தது, அது முந்திக்கொண்டதால்தான் என்று நினைக்கிறேன். மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று பிரதமர் கேட்டது 2009-இல். மத்திய அமைச்சகத்தின் பொதுச் சட்டகம் வந்தது 2010-இல். ஒடிசாவின் பட்டியலைப் பார்த்தால் அது மாநில அரசின் துறைகளைப் போலவே இருக்கிறது: மீன்வளம், சுகாதாரம், போக்குவரத்து, சுரங்கம். தமிழ்நாட்டின் பட்டியலோ தில்லியின் இயக்கங்களைப் போல இருக்கிறது. சட்டகம் கைக்கு வந்தபின் எழுதியவர்கள் சட்டகத்துக்குள் எழுதினார்கள். இரண்டு மாநிலங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்வது துணிவுதான். இருந்தாலும், தொழில் விடுபட்டதற்கு அவசரமும் ஆள்பற்றாக்குறையும் காரணம் என்று சொன்னால், முந்தி எழுதிய ஒடிசாவில் அது இடம்பெற்றதையும் நிதானமாக எழுதிய தமிழ்நாட்டில் இடம்பெறாததையும் விளக்க முடியாது. செயல்முறை விளக்கம் தோற்கும் இடம் இது.

காக்களூருக்கு வருவோம். உமிழ்வுத் தணிப்புப் பக்கம் முதலில். ஆற்றல் திறன் இயக்கத்தின் முதன்மைக் கருவி, ‘செயல்பட்டு, சாதித்து, விற்கும்’ என்ற திட்டம். 2012 முதல் 2015 வரையிலான முதல் சுற்றில் எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 அலகுகளுக்கு அது இலக்கு விதித்தது. இலக்கைத் தாண்டிய சேமிப்பும் கிடைத்தது. இரும்பு, சிமென்ட், அனல்மின் போன்ற துறைகளில் ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்குச் சமமான ஆற்றலைச் செலவழிக்கும் ஆலைகளே அதற்குள் வந்தன. எட்டிலும் குறைந்த வரம்பு ஜவுளிக்கு: 3,000 டன். மின்சாரமாக மாற்றினால் ஏறத்தாழ 3.5 கோடி யூனிட்.

சிட்கோ பேட்டையில் ஒரு சிறு பட்டறையை எண்ணிப் பாருங்கள். ஒரு கம்ப்ரசர், சில மோட்டார்கள், ஓர் உலை, மின்வெட்டுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். மொத்தச் சுமை 100 கிலோவாட் என்று வைத்து, ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓட்டினாலும் 8.76 லட்சம் யூனிட்தான் ஆகும். ஜவுளி வரம்பில் நாற்பதில் ஒரு பங்கு. கம்ப்ரசர் குழாயில் இரவெல்லாம் கசியும் காற்றுக்கும், பலமுறை சுருள் கட்டிய பழைய மோட்டார் விழுங்கும் மின்சாரத்துக்கும் தேசியத் திட்டத்தின் இந்தக் கருவியில் இடமில்லை. அதே ஊரில் ஆவின் பால்பண்ணையும் இயங்குகிறது. குளிரூட்டலும் கொதிகலனும் ஓயாத தொழில். முதல் சுற்றின் எட்டுத் துறைகளில் பால் பதனிடலும் கிடையாது.

தகவமைப்புப் பக்கம் இதைவிடச் சிக்கலானது. காக்களூரில் ஏரியும் தொழிற்பேட்டையும் ஒரே ஊரில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஆயக்கட்டு 40 ஹெக்டேரைத் தாண்டும் ஏரி நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருப்பது வழக்கம். பேட்டை சிறுதொழில் துறையின் கீழ் வரும் சிட்கோவுடையது. கழிவுநீர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. பெருமழையில் வரத்துக் கால்வாய் அடைபட்டுப் பட்டறைக்குள் தண்ணீர் ஏறினால், அது நீர்வள இயக்கமா, வாழிட இயக்கமா, பேரிடர் மேலாண்மையா? ஏரியின் கணக்கு ஆயக்கட்டில் தொடங்குகிறது. வயல் போய்ப் பட்டறை வந்த நிலத்தை அது கடைமடையாகவும் எண்ணுவதில்லை, கரையோரக் குடியிருப்பாகவும் எண்ணுவதில்லை.

இந்த மாவட்டத்துக்குத் தகவமைப்பு 2008-இல் வந்த புதுமை அல்ல. ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகையில் சென்னைக்காக நிலத்தடி நீரை எடுத்து, மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்த கதை பல பத்தாண்டுகளுக்கு முந்தையது. அதைத் தொடர்ந்து 1987-இல் சென்னைப் பெருநகர் பகுதி நிலத்தடி நீர்ச் சட்டமும், 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமும் வந்தன. 2010-இல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. இவற்றில் எதையும் காலநிலைத் திட்டம் தோற்றுவிக்கவில்லை. ஆனால் இவை நிகழ்ந்த களங்கள் எல்லாம் 2008-இன் வரிசையில் உண்டு. ஓரமும் நடுவும் என்ற உருவகம் இங்கே பொருந்தாமல் போவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

2022 டிசம்பரில் தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கியபோது அமைப்பு ஓரளவு மாறியது. மாவட்ட ஆட்சியர் மாவட்ட இயக்கத்தின் இயக்குநர், மாவட்ட வன அலுவலர் காலநிலை அலுவலர். ஆட்சியரின் மேசையில் எல்லாத் துறைகளும் கூடுவதால், ஏரியையும் பேட்டையையும் ஒன்றாகப் பார்க்கும் வாய்ப்பு முதன்முறையாக அங்கேதான் இருக்கிறது. துபாஷும் ஜோகேஷும் சொன்ன வாசல் என்று ஒன்று இருந்தால் அது மாநிலத் தலைநகரில் அல்ல, இந்த மேசையில்தான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் அலுவலர் காட்டிலிருந்து வருகிறார், 2008 வரிசையில் ஏற்கெனவே இருந்த களத்திலிருந்து. மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் அந்த அமைப்பில் என்ன பொறுப்போடு அமர்கிறார், பேட்டையின் வடிகாலுக்கான செலவு எந்தத் துறையின் மானியக் கோரிக்கையில் எழுதப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வந்த பிறகுதான் 2022-ஐத் திருப்புமுனை என்று குறிக்கலாமா என்பதை முடிவு செய்ய இயலும்.