புள்ளி மறைந்தால் நோய் போயிற்றா? கடல்மீன் தொட்டியில் வெண்புள்ளி நோயும் காலக் கணக்கும்

முன்னுரை

கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் மிகவும் அஞ்சும் நோய்களுள் ஒன்று வெண்புள்ளி நோய். உப்பைத் தூவினாற்போல் துடுப்பிலும் உடலிலும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும். மீன் பாறையில் உடலைத் தேய்க்கும். செவுள் விரைந்து அடிக்கும். கடையில் கொடுத்த மருந்தை ஊற்றிய சில நாளில் புள்ளிகள் மறையும். மருந்து கேட்டது என்று உரிமையாளர் மகிழ்வார். ஒன்றிரண்டு வாரத்தில் முன்பைவிடப் பன்மடங்கு புள்ளிகளோடு நோய் திரும்பும்.

மருந்து ஊற்றாமல் விட்டிருந்தாலும் அந்தப் புள்ளிகள் மறைந்திருக்கும் என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. இந்நோயில் சிகிச்சைக்கு உரியது மீன் மட்டுமன்று, தொட்டி முழுவதும்; குணமானதை அறியும் அளவுகோல் கண்ணுக்குத் தெரியும் புள்ளியன்று, ஒட்டுண்ணியின் காலக் கணக்கு. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதுவே.

ஒட்டுண்ணியின் சுழற்சி

நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் குற்றிழை உயிரி. 1951இல் பிரவுன் இதற்கு இப்பெயரிட்டார். இதன் வாழ்வில் ஊட்ட நிலை, கூட்டு நிலை, நீந்து நிலை என மூன்றைப் பிரித்தறிவது சிகிச்சைக்கு இன்றியமையாதது.

நீந்து நிலையில் உள்ள உயிரி மீனைத் தொட்ட சில நிமிடங்களில் தோலின் மேலடுக்குக்குள் புகுந்துவிடும். அங்கே 3 முதல் 7 நாள் வரை திசுவை உண்டு பருத்து, அரை மில்லிமீட்டர் வரை வளர்கிறது. நாம் காணும் வெண்புள்ளி இதுதான். தோல் சுரண்டலை நுண்ணோக்கியில் வைத்தால், உருண்டையான அந்த உயிரி திசுவுக்குள் மெல்லச் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்க்கலாம். உண்டு முடித்ததும் அது மீனை விட்டு நீங்குகிறது. பெரும்பாலும் இருட்டில் நீங்குவதால், இரவில் புள்ளியோடு உறங்கிய மீன் காலையில் சுத்தமாகத் தெரிகிறது. நீங்கிய உயிரி சில மணி நேரம் ஊர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கூடு கட்டுகிறது. கூட்டுக்குள் மீண்டும் மீண்டும் பிளந்து, 200 வரை நீந்து உயிர்களாக வெளிவருகிறது. அவை மீனைத் தேட ஓரிரு நாளே உண்டு. அதற்குள் கிடைக்காவிட்டால் மடிந்துவிடும்.

நீந்து உயிர்கள் கூட்டை விட்டு வருவது விடியலுக்கு முந்தைய மணிகளில்தான் என்பதை பர்ஜெஸ், மேத்யூஸ் ஆகியோரின் ஆய்வு காட்டியது. மீன்கள் பாறை இடுக்கில் அசையாமல் உறங்கும் வேளை அது. கடலில் கூட்டுக்கும் அடுத்த மீனுக்கும் இடையே பெருந்தொலைவு இருக்கும். பெரும்பாலான நீந்து உயிர்கள் வீணாகும். சில நூறு லிட்டர் தொட்டியிலோ மீன் ஒவ்வோர் இரவும் அதே இடுக்குக்குத் திரும்புகிறது. கடலில் உயிரைப் பறிக்காத ஒட்டுண்ணி தொட்டியில் கொள்ளைநோயாக மாறுவதற்கு இந்த இட நெருக்கமே முதற்காரணம்.

நன்னீர் வைத்தியம் ஏன் பொருந்தாது

நன்னீர் மீனிலும் இதே தோற்றமுடைய வெண்புள்ளி நோய் உண்டு. அதற்கு வெப்பத்தைக் கூட்டி, உப்பிடுவது பழகிய வைத்தியம். நன்னீரில் கைதேர்ந்து கடல்மீனுக்கு வருபவர் இதையே இங்கும் முயல்கிறார். ஆனால் மூலக்கூறு ஆய்வுகளின்படி இவ்விரு ஒட்டுண்ணிகளும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவைகூட அல்ல. தோற்ற ஒற்றுமை தனித்தனியே உருவானது. கடல் ஒட்டுண்ணியின் கூடு ஏறக்குறைய 30 பாகை வெப்பத்தில்தான் சிறப்பாகப் பொரிகிறது. ஹீட்டரை 30இல் வைப்பவர் நோய்க்கே வசதி செய்து கொடுக்கிறார்.

மூன்று முறைகளின் பொருள்

பயன் தரும் முறைகள் ஒவ்வொன்றும் சுழற்சியின் ஒரு கண்ணியை மட்டுமே அறுக்கின்றன. செம்பு நீந்து நிலையைக் கொல்லும். தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது எட்டாது. ஆகவே லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் அயனிச் செம்பை, கூடும் குறையும் இன்றி வாரக்கணக்கில் நிறுத்த வேண்டும். குறைந்தால் பயனில்லை, கூடினால் மீனுக்கு நஞ்சு. பிணைப்புச் செம்பு மருந்துகளின் அளவு இதனின்றும் வேறு. பவளத்தையும் நத்தை, இறால் வகைகளையும் செம்பு கொன்றுவிடும். சுண்ணாம்புப் பாறை அதை உறிஞ்சி அளவைக் குலைக்கும். எனவே பாறையும் பவளமும் உள்ள காட்சித் தொட்டியில் செம்புக்கு இடமில்லை.

உவர்ப்பைக் குறைப்பது இரண்டாம் முறை. இஸ்ரேலின் எய்லாத் நகரில் வளர்ப்பு மீன்களைக் கொண்டு கொலோர்னி 1985இல் இதை விளக்கினார். ஆயிரத்தில் 16 பங்குக்கும் கீழே உவர்ப்பு இறங்கினால் கூடுகள் சிதையும். பல கடல்மீன்கள் அதைத் தாங்கும். ஆனால் தைவானில் ஆயிரத்தில் 5, 10 பங்கு உவர்ப்பிலேயே நோய் பரவியது 2003இல் பதிவாயிற்று. ஒட்டுண்ணியின் எல்லாக் கால்வழிகளுக்கும் இம்முறை பொருந்தும் என்று கொள்ள இயலாது.

மூன்றாவது, மருந்தே இல்லாத தொட்டி மாற்று முறை. கூடு பொரியக் குறைந்தது 3 நாள் ஆகும். 3 நாளுக்கு ஒரு முறை மீனை உலர்த்திப் புது நீர் நிரப்பிய தொட்டிக்கு மாற்றினால், அதனிடமிருந்து உதிர்ந்தவை பொரியுமுன் பின்தங்கிவிடும். நான்கு மாற்றங்களில் மீன் மீண்டுவிடும். ஒட்டுண்ணியைக் கொல்ல முனையாமல் அதன் கால ஒழுங்கையே அதற்கு எதிராகத் திருப்புவதால், மூன்றனுள் கருத்தளவில் தெளிவானது இதுவே. ஆயினும் நோயை அறுதியிட்ட பின்னரே இதை நாட வேண்டும். வெல்வெட் நோயைத் தரும் அமைலூடினியம் என்னும் வேறோர் ஒட்டுண்ணி பெரும்பாலும் செவுளைத் தாக்கி, புள்ளி தெரியுமுன்னரே மீனைக் கொல்லக்கூடியது. அதற்கு இந்த 3 நாள் கணக்கை நம்ப முடியாது.

மீனில்லாத தொட்டி

மேற்கண்ட முறைகளை மீனைத் தனியே வைத்துச் செய்வதால், அவை காட்சித் தொட்டியின் மணலிலும் பாறையிலும் இருக்கும் கூடுகளைத் தொடுவதில்லை. அவற்றுக்கு ஒரே வழி, எல்லா மீன்களையும் வெளியே எடுத்துவிட்டுக் காத்திருப்பது. கூடுகள் பொரிய 3 முதல் 72 நாள் வரை ஆனதைக் கொலோர்னியும் பர்ஜெஸும் 1997இல் பதிவுசெய்தனர். மீன் வளர்ப்போரிடையே வழங்கும் 76 நாள் கணக்கு இதனோடு சில நாள் கூட்டியதால் வந்தது. பெரும்பாலான கூடுகள் ஒரு வாரத்தை ஒட்டிப் பொரிந்துவிடுவதால் இவ்வளவு காலம் வேண்டாம் என்பார் உளர். வெதுவெதுப்பான நீரில் அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எனினும் உயிர்வளி குறைந்த இடத்தில் கூடுகள் வளர்ச்சியை நிறுத்திவைத்து, உயிர்வளி கிடைத்ததும் தொடர்கின்றன என்பதை யோஷினாகா காட்டியுள்ளார். ஆழ்ந்த மணற்படுகையுள்ள தொட்டிக்குச் சராசரியை நம்பிக் கணக்கிடுவது துணிச்சலான பந்தயம். மிகப் பிந்திப் பொரியும் ஒரு கூடு போதும், முழு உழைப்பும் வீணாக. நத்தை ஓட்டிலும் பவளத்தின் அடிக்கல்லிலும் கூடு ஒட்டியிருக்கலாம் என்பதால் அவற்றுக்கும் அதே காத்திருப்பு வேண்டும்.

எதிர்வாதம்

இவ்வளவும் எதற்கு, நல்ல உணவும் சுத்தமான நீரும் தந்தால் மீன் தானே எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என்பது அனுபவசாலிகள் பலரின் வாதம். இதற்குச் சான்று இல்லாமல் இல்லை. தொற்றிலிருந்து மீண்ட மடவை மீன்களிடம் ஆறு மாதம் வரை எதிர்ப்பாற்றல் நீடித்ததை பர்ஜெஸும் மேத்யூஸும் கண்டனர். ஆய்வகத்தில் ஒரே வழியில் வளர்த்த ஒட்டுண்ணி ஏறத்தாழ 34 சுழற்சிகளில் நலிந்ததையும் அவர்களே பதிவுசெய்தனர்.

ஆனால் இவ்விரு முடிவுகளும் புதிய மீன் சேராத தொட்டிக்கே பொருந்தும். எதிர்ப்பாற்றல் பெற்ற மீன் நோயற்ற மீன் என்று பொருளில்லை. புள்ளி காட்டாமலே சில ஒட்டுண்ணிகளைச் சுமக்கும். அதே தொட்டியில் பவுடர் ப்ளூ டாங் போன்ற எளிதில் தொற்றும் மீனை விட்டால், அடங்கியிருந்த எண்ணிக்கை பெருகும். ஒவ்வொரு புது வரவும் கணக்கை முதலிலிருந்து தொடங்கிவைக்கிறது. ஒட்டுண்ணி எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையும் சுழற்சிக்கு முரணானது. மீனின்றி அதற்கு உணவில்லை. வெளியிலிருந்து கொண்டுவராமல் அது தோன்றுவதுமில்லை.

முடிவுரை

புள்ளியை நம்புவதன் விளைவு தனிமனிதத் தொட்டியோடு நிற்பதில்லை. பல தொட்டிகளை ஒரே சுழல்நீரில் இணைத்திருக்கும் கடைகளில் ஒரு மீனின் நோய் எல்லாத் தொட்டிக்கும் போகும். அந்நீரில் குறைந்த அளவு செம்பு கலந்திருந்தால் புள்ளி மட்டுப்பட்டு, வாங்குபவர் கண்ணுக்கு மீன் நலமாகத் தெரியும். ஆகவே கடைத்தொட்டியில் மீன் சுத்தமாக இருந்தது என்பதைச் சான்றாகக் கொள்ளலாகாது. ஒவ்வொரு புது மீனும் தனிமைத் தொட்டியில் தன் காலத்தைக் கழித்த பின்னரே காட்சித் தொட்டிக்கு வர வேண்டும். அத்தொட்டியில் நோய்க்காக இடும் மருந்துகள் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பாதித்து அதன் அளவைக் கூட்டலாம் என்பதால், தனிமைக் காலத்தில் நீர்ச் சோதனையும் அன்றாடக் கடமையாகிறது. நோய் போயிற்றா என்று கேட்பவரிடம் மீன் எப்படி இருக்கிறது என்று வினவுவதால் பயனில்லை. அந்தத் தொட்டியில் கடைசியாக மீன் இருந்தது எந்தத் தேதியில், அதன்பின் எது உள்ளே போயிற்று என்ற இரண்டு விடைகளில்தான் தீர்ப்பு இருக்கிறது.