மந்திரவாதி படித்த பாடம்

இணைய விளையாட்டுக்குப் புதிதா? மந்திரவாதியை எடுங்கள் என்பேன். 1999-இல் இப்படிச் சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

அந்த மார்ச்சில் வெளியான எவர்க்வெஸ்ட் விளையாட்டில் மந்திரவாதியான விசார்டின் பாடு பெரும்பாடு. எத்தனை மந்திரம் கற்றாலும் ஒரு நேரத்தில் எட்டுதான் கைவசம். மந்திர சக்தியான மானா தீர்ந்தால் தரையில் உட்கார்ந்து மந்திரப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். அது திரையையே மறைத்துவிடும். முதுகுக்குப் பின்னால் ஓர்க் அரக்கன் வந்து நிற்பதைக் காதால்தான் அறிய வேண்டும். 35-ஆம் நிலை வரை இதே கதி. அந்த எட்டு மந்திரங்களையும் முன்கூட்டியே மனத்தில் ஏற்றும் வழக்கம் 1974-இன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டு விட்டுச்சென்ற சொத்து. அதற்கும் மூலம் எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகள்.

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது. அதன் மந்திரவாதியான மேஜ் தானே தண்ணீரை வரவழைத்துக் குடித்தால் மானா நிரம்பும். மோல்டன் கோர் என்ற குகையின் எதிரிகள் பலரிடம் தீ மந்திரம் பலிக்காது. ஆகவே ஃப்ராஸ்ட்போல்ட் என்ற பனி மந்திரம் ஒன்றையே அழுத்திக்கொண்டிருந்தோம், நடுநடுவே கூட்டாளிகள் மீதான சாபத்தை நீக்கியபடி. எளிது, சலிப்பும்தான்.

2025-இல் அடுத்த மந்திரத்தைத் தானே தேர்ந்தெடுக்கும் ஒற்றைப் பொத்தானையும் இந்த விளையாட்டின் நிறுவனமான ப்ளிஸார்ட் சேர்த்துவிட்டது. கை வலிப்பவர்களுக்கு அது வரம். மற்றவர்கள் முதல் பத்து நிலைகளுக்காவது அதைத் தொடாதீர்கள்.