தூண்டில் கம்பு ஆறடியா, ஏழடியா? கரையில் நிற்பவர்களுக்காக ஒரு சின்ன வரலாறு

கொஞ்ச நாளாக எமது ஊர்ப் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேர், ஸ்பின்னிங் கம்பு ஒன்று வாங்கப் போறோம். எத்தனை அடியில வாங்கினா நல்லம்?"

அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் அமெரிக்க, ஜப்பானிய யூடியூப் காணொளிகள். அதில் காட்டப்படுவது பாஸ் மீன் பிடிப்பது. அதிலும் 'பினெஸ்' என்ற முறை. அதாவது இரண்டு மூன்று கிராம் பாரமுள்ள சின்னச் செயற்கை இரை, மெல்லிய தங்கூசி, மெல்லிய கம்பு. உசாரான மீனை ஆரவாரம் இல்லாமல் ஏமாற்றும் முறை அது.

காணொளியில் ஒருவர் ஆறரை அடி என்கிறார், இன்னொருவர் ஏழரை அடி என்கிறார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் படகில் நிற்கிறார், மற்றவர் கரையில் நிற்கிறார். இந்த ஒரு வித்தியாசம்தான் 500 வருடங்களாகத் தூண்டில் கம்பின் நீளத்தைத் தீர்மானித்து வருகிறது. காசைக் கொடுத்து வாங்குவதற்கு முன்னால் இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ரீல் பரவலாகாத காலம்

இங்கிலாந்தில் தூண்டில் பற்றிய முதல் அச்சு நூல் 1496இல் வந்தது. ஐசக் வால்டனின் பெயர்பெற்ற நூல் 1653இல் வந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் ரீல் பாவிக்கவில்லை. குதிரை முடியில் திரித்த நூலைக் கம்பின் நுனியிலேயே கட்டினார்கள். அப்படியானால் இரை எவ்வளவு தூரம் போகும்? கம்பின் நீளமும் நூலின் நீளமும் சேர்ந்த அளவுக்குத்தான். அதனால் கரையில் நின்றவர்கள் 15 அடி, 18 அடி என்று நீண்ட கம்புகளை வைத்திருந்தார்கள். நீளம் என்பது எட்டும் தூரம், அவ்வளவுதான்.

படகு வந்தது, கம்பு குறுகியது

பாஸ் வட அமெரிக்காவின் மீன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்துக் கடிகாரத் தொழிலாளிகள் மிக நேர்த்தியான ரீல்களைச் செய்யத் தொடங்கினார்கள். கடிகாரப் பல்சக்கரம் தெரிந்த கைகள் அல்லவா! ரீல் நூலைத் தாராளமாக விட்டுக்கொடுத்ததும், தூரத்துக்காக நீண்ட கம்பு வைத்திருக்கும் தேவை குறைந்தது.

ஜேம்ஸ் ஹென்ஷல் என்ற மருத்துவர் 1881இல் பாஸ் மீனுக்கென்றே ஒரு நூல் எழுதினார். பழைய நீண்ட, கனத்த கம்புகள் பாஸுக்குப் பொருத்தமில்லை என்பது அவருடைய வாதம். அவர் பெயரால் அறியப்பட்ட கம்பு 8 அடி 3 அங்குலம். அதற்குப் பிறகு அது ஆறடிக்கு வந்தது, சிலரிடம் அதற்கும் கீழே போனது. தலைக்கு மேலால் ஒரு கையால் வீசும் பழக்கமும், படகில் இருந்து பிடிக்கும் பழக்கமும் அந்தக் குறுகலுக்குத் துணையாக இருந்தன. படகுக்காரருக்குத் தூரம் ஒரு பிரச்சினை இல்லை. மீன் இருக்கும் இடத்துக்குப் படகையே கொண்டுபோகலாம். அவருக்கு வேண்டியது குறி. குறிக்குக் கட்டைக் கம்பு இலகு.

1967இல் ரே ஸ்கொட் அமெரிக்காவில் பெரிய பாஸ் போட்டிகளை ஆரம்பித்தார். அவையும் படகுப் போட்டிகள்தான். கம்பு எட்டடியைத் தாண்டக்கூடாது என்ற விதியும் அங்கே நீண்ட காலம் இருந்தது. போட்டியில் வென்றவர் பிடித்திருந்த கம்பே கடைக்கு வரும், கடையில் இருப்பதே எல்லோர் கைக்கும் வரும். இப்படித்தான் படகுக்காரரின் அளவு ஊருக்கெல்லாம் பொது அளவாகிப் போனது.

நெசவாலையில் பிறந்த ரீல்

பினெஸ் முறைக்கு உயிர் கொடுத்தது ஸ்பின்னிங் ரீல். அதன் கதை தனிச் சுவையானது.

பழைய ரீலில் வீசும்போது நூற்சுற்று தானும் சேர்ந்து சுழல வேண்டும். பாரமான இரை அதை இழுத்துச் சுழற்றிவிடும். இரண்டு கிராம் இரைக்கு அந்தச் சக்தி எங்கே? இங்கிலாந்தின் பிராட்போர்டில் புடவைத் தொழிலில் இருந்த ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வேர்த் 1905இல் இதற்கு விடை கண்டு காப்புரிமை பெற்றார். ஆலையில் நூற்சுற்று அசையாமல் நிற்க, அதன் முனையால் நூல் வழுகிக் கழன்று வருவதை அவர் அன்றாடம் பார்த்தவர். அதே வேலையை ரீலில் செய்வித்தார். சுழல வேண்டிய பாரம் இல்லாமற்போனதும் சின்ன இரையும் தூரம் போனது.

1938இல் நைலோன் அறிமுகமானது. அதிலிருந்து வந்த மெல்லிய தங்கூசி இந்த ரீலுக்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சின் மிட்செல் ரீல்கள் அமெரிக்காவில் பரவின.

ஜப்பானிலோ 1925இல் அக்காபோஷி டெட்சுமா என்பவர் ஆஷி ஏரியில் பாஸ் மீனைக் கொண்டுவந்து விட்டார். பின்னாளில் பல ஏரிகளில் ஆட்கள் நிறைந்தார்கள். திரும்பத் திரும்பத் தூண்டிலைக் கண்ட மீன் பெரிய இரையைத் திரும்பியும் பார்க்காது. அதனால் சின்ன இரை, மெல்லிய நூல் என்ற வித்தை அங்கே கூர்மையானது. (அந்த மீன் உள்ளூர் மீன்களுக்குக் கேடாகி, 2005இல் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டதும் நாம் மறக்கக்கூடாத பாடம். வெளிநாட்டு மீனை எமது குளங்களில் விட யாரும் நினைக்க வேண்டாம்.)

கம்பு மீண்டும் வளர்ந்த கதை

கம்பைக் கட்டையாக வைத்திருக்க இன்னொரு காரணமும் இருந்தது: பாரம். மரமும் மூங்கிலும் நீள நீளக் கை வலிக்கும். 1940களின் பிற்பகுதியில் கண்ணாடி இழைக் கம்பும், 1970களின் ஆரம்பத்தில் காபன் இழைக் கம்பும் வந்தன. காபன் கம்பில் ஏழடி கூட நாள் முழுக்கக் கையில் பாரமில்லை. கரையில் நிற்பவனுக்கு இழந்த நீளம் திரும்பக் கிடைத்தது.

சரி, எதை வாங்குவது?

இந்தக் கதையெல்லாம் சொன்னது இதற்காகத்தான். கரையில் இருந்து பினெஸ் முறையில் பிடிக்க நாம் சொல்லும் அளவு 7 அடி (213 செ.மீ.). காரணங்கள்:

1. கரைக்காரனால் மீனிடம் போக முடியாது. நீளமான கம்பின் நுனி வேகமாகச் சுழலும், இரை தூரம் போகும்.

2. கரையோரப் புல், கல், தாமரைக் கொடிக்கு மேலால் நூலைத் தூக்கிப் பிடிக்கலாம். மீன் கல்லுக்குள் ஓடினாலும் திருப்பலாம்.

3. தூரத்தில் கடித்தால் நூல் தொய்ந்திருக்கும். நீண்ட கம்பை ஒருமுறை உயர்த்தினால் கூடுதல் நூல் இழுபடும், முள் குத்தும்.

திறந்த வெளி, எதிர்க்காற்று என்றால் ஏழரை அடிவரை போகலாம். மரக்கிளை தாழ்ந்த இடம் என்றால் ஆறடிக்கும் ஆறரை அடிக்கும் இடையில் போதும். நீளம் கூடக்கூட நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. கம்பு ஒரு நெம்புகோல். நீளம் கூடினால் அந்த நெம்புகோல் மீனுக்குச் சாதகமாகும், எமது மணிக்கட்டில்தான் பாரம் ஏறும். எட்டாம் வகுப்பில் படித்த விஞ்ஞானம்தான்.

நீளத்தை விட முக்கியமான ஒன்றும் உண்டு. கம்பில் எழுதியிருக்கும் இரைப் பாரத்தைப் பாருங்கள். இரண்டு முதல் ஐந்து கிராம் இரையை வீச, அந்தப் பாரத்துக்கே வளையும் கம்பு வேண்டும். 20 கிராமுக்குச் செய்த ஏழடிக் கம்பு சின்ன இரையைத் தூக்கி எறியாது.

இலக்கத்தை வாசிப்பதிலும் கவனம். கம்பில் 66 என்றிருந்தால் அது 6 அடி 6 அங்குலம், 6.6 அடி அல்ல. 610 என்றால் 6 அடி 10 அங்குலம். அடிக்கு 12 அங்குலம் என்பதை மறந்தால் கடைக்காரர் முன்னால் கணக்குப் பிழைக்கும்.

கடைசியாக ஒன்று, இது உயிர்ச் சங்கதி. காபன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிக்குக் கீழே கம்பை வீசாதீர்கள். இடி முழங்கினால் கம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.

படகுக்காரனுக்கு அளந்த கம்பைக் கரைக்காரன் வாங்கி ஏமாறத் தேவையில்லை. கடைக்குப் போகுமுன் நீங்கள் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

களப்பிலும் குளத்திலும் தூண்டில் போட்டு அனுபவப்பட்ட மூத்தவர்கள், நீங்கள் பாவித்த கம்பின் நீளத்தையும் அதற்கான காரணத்தையும் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருக்கும்.