கீழ்வாயிலக்கமும் திண்ணைப் பள்ளிக் கணக்குக் கல்வியும்

முன்னுரை

தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் நெடுங்கணக்கை அடுத்து மாணாக்கர் பயின்றவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியன. முழுவெண்கள் மேல்வாயிலக்கம் எனவும் பின்னங்கள் கீழ்வாயிலக்கம் எனவும் வழங்கப்பெற்றன. இக்கல்வி பொருளுணரா மனப்பாடமே என்னும் கருத்து காலனிய காலம் தொட்டு நிலவி வருகிறது. கீழ்வாயிலக்கத்தின் சொல்லமைப்பை நோக்குவார்க்கு இக்கருத்து முழுதும் பொருந்துவதாகத் தோன்றாது.

பெயரும் செய்கையும்

பின்னத்திற்குத் தனிப்பெயரிடும் மரபு தமிழில் மிகப் பழமையானது. 'அரை' என்பதன் புணர்ச்சியைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் அதனைப் 'பால்வரை கிளவி' எனக் குறிக்கிறார். பிற்கால வழக்கில் முந்திரி (1/320), அரைக்காணி (1/160), காணி (1/80), அரைமா (1/40), மா (1/20), மாகாணி (1/16), அரைக்கால் (1/8), கால் (1/4) எனப் பின்னங்கள் நிரல்பட அமைந்துள்ளன.

இன்றைய மாணவர் 1/20, 1/80 ஆகியவற்றைக் கூட்டுதற்குப் பகுதிகளைச் சமப்படுத்த வேண்டும். 4/80, 1/80 எனக் கொண்டு 5/80 கண்டு, அதனை 1/16 எனச் சுருக்க வேண்டும். திண்ணைப் பள்ளி மாணாக்கருக்கோ மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. வினாவின் சொற்களே விடையாகின்றன. முக்காணி என்பது மூன்று காணி (3/80) என்பதும் இத்தகையதே.

320 என்னும் எண்ணின் தேர்வும் கருதத்தக்கது. கால் 80 முந்திரி, மாகாணி 20 முந்திரி, மா 16 முந்திரி என மேற்கூறிய பின்னங்கள் யாவும் முந்திரியின் முழு மடங்குகளாகின்றன. பொதுப்பகுதி காணும் வேலை வாய்பாட்டிற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. முந்திரிக்கும் நுண்ணிய அளவுகள் 'கீழ்' என்னும் அடையால் உணர்த்தப்பெற்றன; கீழ் முந்திரி என்பது முந்திரியில் 320இல் ஒரு பங்கு, அதாவது 1/1,02,400. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவுகள் இத்தகைய கீழ்ப்பின்னங்களால் குறிக்கப்பெற்றுள்ளன.

எல்லையும் ஈடும்

இம்முறைக்கு எல்லையும் உண்டு. 320 மூன்றால் வகுபடாதாகலின் மூன்றிலொன்றை இப்பெயர்களால் நிறைவுறக் கூற இயலாது. கால், மாகாணி, காணி, அரைக்காணி ஆகியவற்றைக் கூட்டினால் 106 முந்திரி வரும். முந்திரியில் மூன்றில் இரண்டு பங்கு எஞ்சி நிற்கும். நெல்லிலக்கத்திலோ மூன்று தூணி ஒரு கலம். ஆகவே கலத்தின் மூன்றிலொரு பங்கு தூணி என்னும் பெயராலேயே கிடைக்கிறது. பொன்னும் நெல்லும் தனித்தனி வாய்பாடுகளாகப் பயிலப்பெற்றமையின் பயன் இங்குப் புலனாகிறது.

தேர்வும் தொழிலும்

மணலிலும் ஓலையிலும் எழுதியும், முறை வைத்து உரக்கக் கூறியும் பயின்ற மாணாக்கரின் தேர்ச்சி வாய்மொழியாகவே அறியப்பெற்றது. ஊர்க்கணக்கு எழுதவும் நிலம் அளக்கவும் தானியம் பகிரவும் இத்தேர்ச்சி இன்றியமையாததாயிற்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் அத்தொழிலுலகின் கணக்குகளைச் செய்யுளில் தருகிறது. எனினும், ஓலையும் கணக்கும் எல்லாச் சாதியினர்க்கும் பெண்டிர்க்கும் ஒருங்கே எட்டவில்லை. நிலத்தில் உழைத்தோர் பலர் தம் கூலி நெல்லின் அளவைப் பிறர் கணக்கால் ஏற்க வேண்டியிருந்தது. ஆகவே பின்னம் அறிதல் அறிவுத்திறன் மட்டுமன்று, அதிகாரமும் ஆகும்.

முடிவுரை

1957இல் பதின்ம நாணயமும் தொடர்ந்து மெட்ரிக் அளவைகளும் வந்தபின் கீழ்வாயிலக்கம் வழக்கிழந்தது. கால், அரை, முக்கால் ஆகியனவே இன்று பெருவழக்கில் எஞ்சியுள்ளன. நுழைவுத் தேர்வுகளில் பின்னக் கணக்கு இன்றும் இடம்பெறுகிறது. ஆனால் அதன் தமிழ்ப் பெயர்களில் பல மாணவர்க்கு அயலாகிவிட்டன. கல்வெட்டையும் கணக்கோலையையும் பயில முற்படும் தமிழாய்வாளர்க்கேனும் எண்சுவடி மீண்டும் பாடமாதல் வேண்டும். அதனை அறியாதார்க்கு அவ்வாவணங்களில் எழுத்து விளங்கும்; அளவு விளங்காது.