அம்மை குத்திய தழும்பு சொல்லும் சரித்திரம்



உங்கள் வீட்டுப் பாட்டி, தாத்தா கையைக் கொஞ்சம் பாருங்கள். பலருக்கு அம்மை குத்திய தழும்பு இருக்கும். அதற்குள்ளே ஒரு பெரிய சரித்திரமே அடங்கியிருக்கிறது.

1796-இல் இங்கிலாந்து மருத்துவர் எட்வர்டு ஜென்னர், மாட்டம்மைப் பாலைக் குத்தினால் பெரியம்மை வராது என்று கண்டறிந்தார். 1802-இல் அது பம்பாய்க்கு வந்தது. பிறகு சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்திலும் அம்மைப்பால் தயாரானது. பால்மரக் காட்டுக்கு நம் முன்னோர்கள் கப்பலேறிய காலத்தில், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் அம்மை குத்தித்தான் அனுப்பினார்கள். பினாங்கு வந்ததும் ஜெரெஜாக் தீவில் தனியே வைத்துப் பார்த்தார்கள்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டுவது நம்ம வழக்கம். வேற்றாள் உள்ளே வராமல் இருக்க அது நல்ல காவல். ஆனால் ஆத்தாளுக்குப் பயந்து நோயாளியை மறைத்தபோது, நோய் அடுத்த லயத்துக்கும் பரவியது.

1967-இல்கூட உலகில் சுமார் 20 லட்சம் பேர் பெரியம்மையால் மாண்டார்கள். பெரும்பாலும் ஏழை நாட்டு மக்கள். அவ்வாண்டு உலக சுகாதார நிறுவனம் தீவிரமாக இறங்கியது. ஊழியர்கள் நோயின் படத்தைக் காட்டி வீடு வீடாக விசாரித்தார்கள். நோயாளியைத் தனிமைப்படுத்தி, சுற்றியிருந்தவர்கள் எல்லாருக்கும் இருமுனை ஊசியால் குத்தினார்கள். 1975-இல் இந்தியாவை விட்டே அந்நோய் ஓடியது.

1977-இல் சோமாலியாவின் மெர்கா நகரில் அலி மாவ் மாலின் என்ற ஆஸ்பத்திரி சமையல்காரருக்குக் கண்டதே, இயற்கையாகப் பரவிய கடைசிப் பெரியம்மை. வலிக்கும் என்று பயந்து ஊசிக்குத் தப்பியவர் அவர். பிழைத்தெழுந்த பின், தம் கதையைச் சொல்லியே தாய்மார்களிடம் போலியோ மருந்தை வற்புறுத்தினார். 2013-இல் இறக்கும்வரை அந்தத் தொண்டை விடவில்லை. பெரியம்மை ஒழிந்ததென்று 1980 மே 8-இல் உலகம் அறிவித்தது. இன்று பொதுமக்கள் எல்லாருக்கும் அந்த ஊசியைக் குத்தும் வழக்கமில்லை.

ஆனால் மற்ற நோய்கள் காத்துக்கிடக்கின்றன. 2019 பிப்ரவரியில் நம் ஜொகூர் பாருவிலேயே, தடுப்பூசி போடாத இரண்டு வயதுக் குழந்தை டிப்தீரியா என்னும் தொண்டை நோய்க்குப் பலியானது. அதே ஆண்டு டிசம்பரில், 27 ஆண்டுகள் இல்லாதிருந்த போலியோ சபாவில் தலைகாட்டியது.

பெற்றோர்களே, அரசாங்கக் கிளினிக்கில் குழந்தைகளுக்கான இந்த ஊசிகளுக்குக் காசு கிடையாது. வேலை இருக்குது, அடுத்த மாசம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீங்க. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட வருவார்கள். அந்தச் சம்மதப் பாரத்தில் மறக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் மிஸ்ஸியிடமோ டாக்டரிடமோ கேளுங்கள்.

வெள்ளம் வருமுன் அணை போடுவோம்!