மாநாட்டுக்கு சேலம் வர்றீங்களா? சாயங்காலம் லாட்ஜிலேயே முடங்காதீங்க!

சேலம்,

மாநாடு, கருத்தரங்கு, சங்கக் கூட்டம் என்று சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் வெளியூர்க்காரர்கள் வந்தபடி இருக்கிறார்கள். கோழிப்பண்ணைக்காரர்கள், லாரி உரிமையாளர்கள், கால்நடை டாக்டர்கள், ஜவ்வரிசி ஆலைக்காரர்கள், நெசவாளர் சங்கத்தினர், ஆசிரியர் சங்கத்தினர் என்று பட்டியல் நீளும். காலையில் மேடைப் பேச்சு, மதியம் சாப்பாடு. மாலை 5 மணிக்கு கூட்டம் கலைந்ததும் நேராக லாட்ஜுக்கு போய் டி.வி.யை போட்டுக்கொண்டு படுத்து விடுகிறார்கள். கேட்டால், "சேலத்துல பாக்குறதுக்கு என்னங்க இருக்கு? ஏற்காடு தானே" என்கிறார்கள்.

அந்த ஏற்காடு தான் சாயங்காலத்துக்கு ஒத்துவராத இடம். சுமார் 30 கி.மீ. தூரம், 20 கொண்டை ஊசி வளைவு. 5 மணிக்கு கிளம்பினால் மேலே போய் சேருவதற்குள் இருட்டி விடும். ஏரியும் தெரியாது, பள்ளத்தாக்கும் தெரியாது. பனி இறங்கி விட்டால் திரும்பி வரும்போது வண்டி ஓட்டுகிறவர் பாடு திண்டாட்டம். ஏற்காடு பார்க்க ஒரு பகல் முழுசாக வேண்டும். நாமக்கல் வந்தவர்களுக்கு கொல்லிமலையும் இதே கணக்கு தான். அங்கே வளைவு 70.

அப்படியானால் 4 மணி நேரத்துக்குள், கையைக் கடிக்காத செலவில் என்ன பார்க்கலாம்?

தட்டுவடை செட்

முதலில் வயிற்றைக் கவனிக்கலாம். சாயங்காலம் ஆனால் சேலத்தில் தெருவுக்கு தெரு தள்ளுவண்டி முளைத்து விடும். சின்ன தட்டுவடை ஒன்றின் மேல் காரச் சட்னி, புதினா சட்னி தடவி, துருவிய கேரட், பீட்ரூட், நறுக்கிய வெங்காயம் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடிக் கொடுப்பார்கள். இது தான் 'செட்'. ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில் தான் இருக்கும். முறுக்கு செட், பூண்டு செட், மாங்காய் செட் என்று வகை உண்டு. எல்லாவற்றையும் நொறுக்கி கலந்து கொடுத்தால் அது 'நொறுக்கல்'. கோட் போட்ட அதிகாரியும் மூட்டை தூக்குகிற தொழிலாளியும் ஒரே வண்டி முன்னால் நின்று சாப்பிடுவதை இங்கே பார்க்கலாம்.

சாப்பிட்டுக்கொண்டே செவ்வாய்ப்பேட்டை பக்கம் நடந்தால் வெள்ளிக் கொலுசுக் கடைகள். சேலம் கொலுசு நாடு முழுக்க போகிறது. கொலுசு வேலை செய்கிற பட்டறைகள் சிவதாபுரம், கொண்டலாம்பட்டி பக்கமெல்லாம் வீட்டோடு வீடாக இருக்கின்றன. விலை கேட்கும்போது எடை எவ்வளவு, தரம் என்ன, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக கேட்டு வாங்குவது நல்லது. மாம்பழ சீசனில் வந்தவர்களுக்கு சொல்லவே வேண்டாம், மூக்கே வழி காட்டும்.

சினிமா வாசல்

ஏற்காடு போகிற ரோட்டில் ஒரு பழைய வளைவு நிற்கிறது. தெரியாதவர்கள் ஏதோ காம்பவுண்டு கேட் என்று தாண்டி போய்விடுவார்கள். அது தான் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவாயில். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டூடியோ இது. 100-க்கும் மேற்பட்ட படங்கள் இங்கே தயாராகின. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' வெளிவந்தது இந்த நிறுவனத்தில் இருந்து தான். 1950-ல் 'மந்திரிகுமாரி', 1956-ல் தமிழின் முதல் கலர் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 1961-ல் மலையாளத்தின் முதல் கலர் படமான 'கண்டம் பெச்ச கோட்டு' ஆகியவையும் இவர்கள் தயாரிப்பு தான். எம்.ஜி.ஆர்., கருணாநிதி என்று பின்னாளில் முதல்-அமைச்சர் ஆனவர்கள் வேலை செய்த இடம்.

உள்ளே இப்போது ஸ்டூடியோ இல்லை, வீடுகள் வந்துவிட்டன. வளைவு மட்டும் தான் மிச்சம். பார்க்க 10 நிமிடம் போதும். ஆனால் கேரளாவில் இருந்து வருகிற விருந்தாளியிடம் விஷயத்தை சொல்லி கூட்டிப் போனால், அவர் போட்டோ எடுக்காமல் நகர மாட்டார்.

மாநாடும் சேலத்துக்கு புதுசு இல்லை. 1944 ஆகஸ்டு 27-ந்தேதி நீதிக்கட்சி 'திராவிடர் கழகம்' என்று பெயர் மாறியது சேலத்தில் நடந்த மாநாட்டில் தான். 2024 ஜனவரி 21-ந்தேதி தி.மு.க. இளைஞரணியின் மாநில மாநாடு நடந்த பெத்தநாயக்கன்பாளையமும் சேலம் மாவட்டம் தான்.

மேற்கு வெயிலில் தாரமங்கலம்

கார் வசதி இருந்தால் தாரமங்கலம் கைலாசநாதர் கோவிலுக்கு போகலாம். சேலத்தில் இருந்து சுமார் 25 கி.மீ. கெட்டி முதலியார்கள் காலத்து கல் வேலை. கோவில் மேற்கு பார்த்து இருப்பதால் சாயங்கால வெயில் நேராக உள்ளே விழும். ஒரு தூணில் ராமர், இன்னொரு தூணில் வாலி. ராமர் பக்கம் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கம் நின்று பார்த்தால் ராமர் தெரிய மாட்டார். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். கோவில்கள் இரவு 8 மணி வாக்கில் நடை சாத்தி விடுவதால் சீக்கிரம் கிளம்புவது முக்கியம்.

ஆத்தூர் ரோட்டில், புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயர முத்துமலை முருகன் சிலை இருக்கிறது. 2022 ஏப்ரல் 6-ந்தேதி கும்பாபிஷேகம் நடந்தது. மலேசியா பத்துமலை முருகன் சிலை 140 அடி. அதை விட இது 6 அடி உசரம்.

நாமக்கல்லில் தங்கியிருந்தால் அலைச்சலே கிடையாது. ஒரே பாறை மேல் கோட்டை, பாறையைக் குடைந்த நரசிம்மர் கோவில், கமலாலயக் குளம், ஆஞ்சநேயர் கோவில் எல்லாம் நடந்து போகிற தூரம். 18 அடி உயர ஆஞ்சநேயர் மேற்கூரை இல்லாமல் வெட்ட வெளியில், நரசிம்மரைப் பார்த்தபடி நிற்கிறார். கோட்டை தொல்லியல் துறை பாதுகாப்பில் இருப்பதால் இருட்டிய பிறகு ஏற முடியாது. முதலில் கோட்டை, அப்புறம் கோவில் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மேட்டூர் சுமார் 50 கி.மீ. 1934-ல் திறந்த அணை. பூங்காவை சுற்றிவிட்டு, அங்கேயே பொரித்து தருகிற மீனை சாப்பிட்டு வரலாம். ஆடியில் தண்ணீர் வந்தால் கூட்டம் நெருக்கியடிக்கும்.

ஆடி என்றதும் சேலத்துக்காரர்களுக்கு ஞாபகம் வருவது கோட்டை மாரியம்மனும், குகை பகுதியின் வண்டி வேடிக்கையும் தான். சாமி வேடம் போட்டவர்கள் ஜோடித்த வண்டிகளில் ஏறி வர, ராத்திரி முழுக்க சனம் தெருவில் நிற்கும். அந்த நேரத்தில் மாநாடு அமைந்தால் யோகம்.

விடிய விடிய கூத்து

இதெல்லாம் கண்ணில் படுகிறவை. கண்ணில் படாமல் போவது தெருக்கூத்து. சேலம், நாமக்கல், தர்மபுரி பகுதிகளில் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. கோவில் திருவிழாவில் ஆடுவார்கள். துக்க வீட்டில் கர்ண மோட்சம் வைப்பார்கள். இரவு 10 மணிக்கு மேல் களரி கட்டினால் விடியும் வரை நடக்கும். மரத்தில் செய்த கிரீடம், புஜக்கட்டை, முகத்தில் அரிதாரம். மிருதங்கம், ஆர்மோனியம், முகவீணை, தாளம். பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டுவார்கள். நடுவில் கட்டியக்காரன் வந்து ஊர் நாயம் பேசி வயிறு குலுங்க வைப்பான்.

ஆடுகிறவர்கள் பலரும் பகலில் காட்டு வேலைக்கும் தறி வேலைக்கும் போகிறவர்கள். ராத்திரி முழுக்க ஆடி வாங்குகிற பணத்தை செட்டில் உள்ள அத்தனை பேரும் பங்கு போட வேண்டும். திருவிழாக் காலம் முடிந்தால் அதுவும் இல்லை. மேட்டூர் பக்கம் ஏர்வாடியில் இருந்து 'மணல்வீடு' இதழை கொண்டு வந்த எழுத்தாளர் மு.ஹரிகிருஷ்ணன் இந்தக் கலைஞர்களுக்காக விழா எடுத்து கவுரவித்து வந்திருக்கிறார். ஆனால் சங்க மாநாடுகளில் கலை நிகழ்ச்சி என்றால் இன்னமும் மெல்லிசைக் கச்சேரியைத் தான் கூப்பிடுகிறார்கள். சென்னையில் இருந்து வந்த பிரதிநிதிக்கு சென்னையிலேயே கேட்ட சினிமா பாட்டை சேலத்தில் எதற்கு மறுபடி போட்டுக் காட்ட வேண்டும்?

விடிய விடிய ஆடுவதை 2 மணி நேரத்துக்கு சுருக்கி ஆடவும் கூத்துக் கலைஞர்களுக்கு தெரியும். மைக், வெளிச்சம், மண் தரை, ஆடுகிறவர்களுக்கு சாப்பாடு இருந்தால் போதும். சேலத்தில் உள்ள கலை பண்பாட்டுத் துறை மண்டல அலுவலகத்தில் விசாரித்தால் கலைஞர்களைப் பிடிக்க வழி கிடைக்கும். பேசிய தொகையை ஆட்டம் முடிந்த கையோடு கொடுத்து அனுப்புவது விழா நடத்துகிறவர்கள் பொறுப்பு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு உதவித்தொகை திட்டங்கள் உண்டு என்றாலும், வீட்டில் அடுப்பு எரிவது என்னவோ ஆட்டத்துக்கு வரும் கூலியில் தான்.

வெளியூர்க்காரர்கள் கவனிக்க: சேலத்தில் டவுன் பஸ்களுக்கு பழைய பஸ் நிலையம், நாமக்கல், மேட்டூர், ஆத்தூர் பஸ்களுக்கு புதிய பஸ் நிலையம். நாமக்கல்லிலும் 2024-ல் புது பஸ் நிலையம் ஊருக்கு வெளியே முதலைப்பட்டிக்கு போய்விட்டது. கோட்டைக்கு அங்கிருந்து டவுன் பஸ் பிடிக்க வேண்டும். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிக்கொள்ளவும்.