யூனிக்ஸ் இயக்கமுறையில் கருவிப் பட்டியல்: பெயரும் பொருளும்

சுவடிப் பட்டியலை நம்பி நூலகத்துட் புகுந்தவர், பட்டியலிற் கண்ட ஏடு பேழையில் இல்லாமையையும், பேழையில் உள்ள ஏடு பட்டியலில் ஏறாமையையும் ஒருங்கே காண்பதுண்டு. பட்டியலுக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள இவ்வேறுபாடு கணிப்பொறித் துறையிலும் உண்டு. கணிப்பொறியோடு இணைந்த வட்டு, நாடா, அச்சுப்பொறி முதலிய கருவிகள் எவையெவை எனக் கண்டு நிரல்படுத்தும் பணியை யூனிக்ஸ் இயக்கமுறை எங்ஙனம் செய்து வந்துள்ளது என்பதை ஈண்டு வரலாற்று முறையில் நோக்குவோம். அப்பட்டியலை எழுதியவர் யார் என்னும் வினாவே இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையாகும்.

யூனிக்ஸ் 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோர் முயற்சியால் தோன்றியது. அவ்விருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், கருவிகளையும் கோப்புகளைப் போலவே கையாளும் கொள்கை விளக்கப்பெற்றுள்ளது. கருவிகளைக் குறிக்கும் சிறப்புக் கோப்புகள் ‘டெவ்’ என்னும் அடைவில் வைக்கப்பெற்றன. அவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உண்டு. முதலெண் கருவியை இயக்கும் நிரற்பகுதியைச் சுட்டும். துணையெண் அவ்வகைக் கருவிகளுள் இன்னது என வரையறுக்கும்.

இவ்வடைவையே உள்ள கருவிகளின் பட்டியல் எனக் கொள்வது அக்காலத்து நிலைக்குப் பொருந்தாது. சிறப்புக் கோப்பை ‘எம்கேநாட்’ என்னும் ஆணையால் பொறுப்பாளரே படைத்தார். கருவி உண்டோ இல்லையோ என அவ்வாணை ஆராய்வதில்லை. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில், கருவிகளின் குறும்பெயர்களை ஒருவர் எழுதித் தர, ‘எம்கேகான்ஃப்’ என்னும் நிரல் அவற்றினின்றும் அட்டவணைகளை ஆக்கிற்று. அவ்வட்டவணைகளைச் சேர்த்தே இயக்கமுறையின் உட்கரு அமைக்கப்பெற்றது. ஆதலின் பெயர் இருந்து பொருள் இல்லாமையும், பொருள் இருந்து பெயர் இல்லாமையும் ஆகிய இரு குறைகளும் நேர்தற்கு இடம் இருந்தது.

அடுத்த மாற்றம் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் நிகழ்ந்தது. அங்கிருந்து 1981 ஜூன் திங்களில் வெளிவந்த 4.1 பதிப்பில், ராபர்ட் எல்ஸ் இயற்றிய தானியங்கு அமைவு நிரல் இடம்பெற்றது. உட்கரு தொடங்கும்பொழுதே கருவிகள் இருத்தற்குரிய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். மறுமொழி வாராவிடின் அவ்விடத்தில் கருவி இல்லை எனக் கொள்ளும். வரின், அக்கருவியைச் சிறிது இயக்கிப் பார்த்து உறுதி செய்யும். கண்டவற்றை வரிவரியாக முனையத்தில் அறிவிக்கும். எனினும், எவ்வெம் முகவரிகளில் தேடுவது என்பதை மனிதரே முன்னர் எழுதி வைக்க வேண்டியிருந்தது. தேடும் செயல் பொறியினுடையதாயிற்று; தேடும் எல்லை மனிதர் வகுத்ததாகவே நின்றது.

1992இல் பிசிஐ என்னும் இணைப்பு முறை வெளியிடப்பெற்ற பின்னர் இவ்வெல்லையும் தளர்ந்தது. இம்முறையில் ஒவ்வொரு கருவியும் தன்னை ஆக்கிய நிறுவனத்தின் எண்ணையும், தன் வகையெண்ணையும் தன்னகத்தே தாங்கி நிற்கும். உட்கரு ஒவ்வோர் இடத்தையும் வினவ, உள்ள கருவி தன் எண்களை உரைக்கும். இதனால் கருவி தனக்குத் தானே சான்றாயிற்று எனலாம். ஆயினும் ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கருவி உரைப்பது எண்ணை மட்டுமே. லினக்ஸில் ‘எல்எஸ்பிசிஐ’ என்னும் ஆணை நிறுவனப் பெயரையும் கருவிப் பெயரையும் காட்டுவது, பலர் கூடித் தொகுத்த எண்ணகராதி ஒன்றை நோக்கியே. அவ்வகராதியில் ஏறாத கருவி தன் எண்ணோடு மட்டுமே தோன்றும். பட்டியலினின்றும் நீங்கியதாகத் தோன்றிய மனிதர் கை, அகராதி வழியே மீண்டும் வந்து சேர்ந்தது.

நன்னூலார் பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்தமை தமிழ் பயில்வார் அறிவர். அப்பகுப்பு ஈண்டும் விளக்கந் தரும். நிறுவன எண் இடுகுறி போல்வது. அவற்றுள்ளும் காரணம் தோன்ற நிற்பது உண்டு. இன்டெல் நிறுவனத்தின் எண், பதினாறனை அடியாகக் கொண்ட எண்முறையில் 8086 என எழுதப்பெறும். அஃது அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட செயலியின் பெயரை நினைவூட்டுவது.

லினக்ஸில் வட்டுகளுக்கு இடும் ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிபி’ முதலிய பெயர்கள் கண்டறிந்த வரிசை பற்றி வருவன. வரிசை மாறின் பெயரும் மாறும். நேற்று ஒரு வட்டுக்கு உரியதாயிருந்த பெயர் இன்று வேறொன்றைச் சுட்டலாம். அதனை ஆராயாது அழிக்கும் ஆணையிட்டால், பேண வேண்டிய செய்திகள் மீளாது அழிந்தொழியும். இவ்விடரை நீக்கும் வழியை, 2003இல் தோன்றிய ‘யூடெவ்’ என்னும் நிரல் வகுத்தது. அது கருவியின் வரிசையெண் முதலிய நிலைத்த இயல்புகளைக் கொண்டு, மாறாப் பெயர்களையும் உடன் அமைக்கிறது. அங்ஙனம் பெயரிடும் விதிகளை எழுதுவோரும் மனிதரே.

இதுகாறும் கூறியவற்றால், கருவியின் உண்மையைக் கூறும் பொறுப்பு படிப்படியாக மனிதரிடமிருந்து கருவிக்கே மாறியது என்பதும், அதற்குப் பெயரிடும் பொறுப்பு எக்காலத்தும் மனிதரை விட்டு நீங்கவில்லை என்பதும் பெறப்படும். ஆகவே கருவிப் பட்டியலைக் காண்போர், அதன்கண் கருவி கூறியது எது, மனிதர் கூட்டியது எது எனப் பிரித்தறிதல் வேண்டும். பாடத்தையும் உரையையும் வேறு வேறாக வைத்துக் கற்கும் தமிழ் மாணவர்க்கு இது புதிய நெறி அன்று.